ஒரே விலையை நம்பாதவர்

கொல்கத்தாவின் கரியாஹாட் நடைபாதையில் புடவைக் கடைக்காரர் விலை சொன்னதும் அக்கா பேசமாட்டார். அதுதான் அவருடைய பேரம். மற்றவர்கள் பாதி விலையில் ஆரம்பிப்பார்கள், போய்விடுவது போல நாலடி நடந்து காட்டுவார்கள். அக்கா நின்ற இடத்திலேயே நின்று, முந்தானையை விரலால் தேய்த்தபடி கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பார். கோபமும் இருக்காது, கெஞ்சலும் இருக்காது. நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு டாக்டர் பார்க்கிற பார்வை. கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் தானாகவே குறைப்பார். அக்கா அப்போதும் வாய் திறக்கமாட்டார். கடைக்காரர் இன்னும் குறைப்பார். கடைசியில் சலித்துப்போய், "பௌதி, நீங்களே ஒரு விலை சொல்லுங்கள்" என்று வங்க மொழியில் கேட்பார். பௌதி என்றால் அண்ணி. எங்கள் கட்டிடத்திலும் தெருவிலும் எல்லாருக்கும் அவர் பௌதிதான்.

வாங்கிக்கொண்டு திரும்பும்போது முகத்தில் ஜெயித்த களை இருக்காது. பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே, "இவ்வளவு இறங்கறான்னா இன்னும் இறங்கியிருப்பான் அம்மிணி" என்பார்.

நான் மாற்றலில் கொல்கத்தா வந்தவள். மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. கணவருக்குச் சென்னையில் வேலை என்பதால் நானும் மகளும் மட்டும் பாலிகஞ்சில் ஒரு பழைய கட்டிடத்தில் வாடகைக்கு இருந்தோம். எங்களுக்கு நேர் கீழ் வீட்டில் அக்காவும் அவர் கணவரும். கணவருக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். ஓய்வுக்கு அதிகக் காலம் இல்லை. பிள்ளைகள் இல்லை. அக்காவுக்குச் சொந்த ஊர் சங்ககிரிப் பக்கம். அவர் அப்பா பழைய லாரிகளை வாங்கி விற்றவராம். "எங்கப்பா ஒரு வண்டிக்கு வீட்ல ஒரு விலை சொல்லுவாரு, வெளில ஒரு விலை சொல்லுவாரு. ரெண்டும் பொய்" என்று ஒருமுறை சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை. அப்பா உயரமானவர் என்பது போலச் சொன்னார்.

எதையும் அவர் சும்மா ஏற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை. காஸ் சிலிண்டரை எடை போடாமல் உள்ளே விடமாட்டார். டாக்டர் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் லேபில் கமிஷன் என்பார். எழுதாவிட்டால் சரியாகப் பார்க்கவில்லை என்பார். துர்கா பூஜைக்குச் சந்தா கேட்டு வரும் கிளப் ஆட்கள் அவர் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொள்வார்கள். பந்தல் துணி எங்கே எடுத்தீர்கள், போன வருடத் துணி என்ன ஆயிற்று என்று வாசலில் நிறுத்திக் கேட்பார். ஆனால் கேட்டு முடித்ததும் மற்றவர்களைவிடக் கூடவே கொடுப்பார். அதனால் அவர்களும் ஒவ்வொரு வருடமும் நின்று பதில் சொன்னார்கள்.

பழைய கார் வாங்குகிற தமிழ்க் குடும்பத்தார் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அவருக்கு ஓட்டத் தெரியாது. என்ஜினைப் பற்றி அதிகம் தெரிந்தவர் மாதிரியும் தோன்றவில்லை. விற்கிறவரைத்தான் பார்ப்பார். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்த தஞ்சாவூர்க்காரர் ஒருவருக்காக ஹவுராவுக்குப் போனபோது நானும் உடன் இருந்தேன். சின்னப் பட்டறை வைத்திருந்த ஒருவர் தன் காரை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். வண்டி சுத்தமாக இருந்தது. ஏன் விற்கிறீர்கள் என்று அக்கா கேட்டார். பெரிய வண்டி வாங்கப்போவதாக அவர் சொன்னார். தேநீர் வந்தபோது அதையே அவர் மனைவியிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டார். அவருக்கு முன்போலக் கண் தெரிவதில்லை என்றார் அந்த அம்மாள். கிளம்பும் நேரத்தில், பிரியமான வண்டியை விடுவது கஷ்டமாக இல்லையா என்று அந்த மனிதரிடமே வேறு மாதிரி கேட்டார். என்ன செய்வது, சந்தில் நிறுத்த இடமில்லை என்றார் அவர். அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மூன்று காரணமும் உண்மையாக இருக்கலாமே என்று ஆற்றைக் கடக்கும் படகில் திரும்பும்போது தஞ்சாவூர்க்காரர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். அக்கா ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்தக் காரைப் பிறகு எங்கள் தெரு மருந்துக் கடைக்காரரின் மச்சான் வாங்கினார். நான் கொல்கத்தாவில் இருந்தவரை அது ஒரு குறையும் இல்லாமல் எங்கள் கண் முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. அக்காவும் பார்ப்பார். "இன்னும் எத்தனை நாளைக்குன்னு பாரு" என்பார்.

எனக்குக் கார் தேவைப்பட்டது மகளால். அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. மழைக்காலத்தில் பள்ளிக்கு வண்டி கிடைக்காது. டாக்ஸிக்காரர்கள் அந்தப் பக்கம் வரமாட்டேன் என்பார்கள், போனில் கூப்பிட்ட வண்டி பாதி வழியில் ரத்தாகும். பழைய கார் ஒன்று போதும் என்று முடிவு செய்தேன். ஆனால் எனக்குப் பேரம் பேச வராது. யாராவது எனக்காகப் பேரம் பேசினால்கூடக் காது சூடாகிவிடும். பைபாஸ் சாலையில் பழைய கார்களை ஒரே விலைக்கு விற்கிற பெரிய கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே போகலாம் என்றேன். அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு வந்தார்.

கண்ணாடிக் கூடம். வரிசையாகக் கார்கள். ஒவ்வொன்றின் உள்கண்ணாடியிலும் விலை எழுதிய அட்டை தொங்கியது. விற்பனையாளர் கம்பெனிச் சட்டை போட்ட வங்காளி இளைஞர், மரியாதையான ஆள். பேரம் கிடையாது, எல்லாருக்கும் ஒரே விலை, அதனால் யாரும் ஏமாற வேண்டியதில்லை என்று இந்தியில் விளக்கினார். இந்த விலையை யார் போட்டது என்று அக்கா கேட்டார். கம்ப்யூட்டர் போடுகிறது, மனிதர்கள் யாரும் கை வைப்பதில்லை என்றார் அவர்.

அக்கா என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். "அந்தக் கம்ப்யூட்டருக்குச் சோறு போடறது யாரு? கேளு."

நான் கேட்கவில்லை. பிறகு அக்கா தன் வேலையைத் தொடங்கினார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல் அந்த இளைஞரின் முகத்தைப் பார்த்தார். அவர் புன்னகை செய்தார். அக்கா தொடர்ந்து பார்த்தார். அவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், தேநீர் கொண்டுவரச் சொன்னார், மறுபடியும் புன்னகை செய்தார். வேறு வண்டி ஏதாவது பார்க்கிறீர்களா என்று கேட்டார். விலை மட்டும் அட்டையில் இருந்தபடியே இருந்தது. கால்மிதியாவது சும்மா கொடுங்கள் என்று அக்கா கேட்டார். அதற்கும் தனி விலை இருந்தது. மேனேஜரும் வந்து அதையே சொல்லிவிட்டு, அதே புன்னகையோடு போனார்.

அக்காவின் மௌனம் தோற்று நான் பார்த்தது அன்றுதான். திரும்பும் வழியெல்லாம் டாக்ஸி ஜன்னலைப் பார்த்தபடி வந்தவர், வீட்டருகே வந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"பேரம் பேசறவன்கிட்ட பொய் எங்க இருக்குன்னு தெரிஞ்சிரும் அம்மிணி. அவன் இறங்கறப்போ தெரியும். இவன் இறங்கவே இல்லையே. பொய்யை எங்க வெச்சிருக்கான்னே தெரியலை."

நான் வாங்கினேன். அட்டையில் இருந்த விலையைக் கொடுத்து, நிம்மதியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். வண்டி நன்றாகவே ஓடியது. மகள் நனையாமல் பள்ளிக்குப் போனாள். அக்கா வாரத்துக்கு ஒருமுறை கீழே வந்து அந்தக் காரைச் சுற்றி நடப்பார். முகர்ந்து பார்ப்பார். சக்கரத்தின் ஓரத்தில் விரல் விட்டுப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நின்று கொஞ்ச நேரம் கண்ணை இடுக்கிவிட்டு, பின்பக்கம் இடது கதவு மாற்றின கதவு என்றார். மற்ற கதவுகளின் நிறம் வேறாம். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மெக்கானிக்கிடம் காட்டினேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அன்றிலிருந்து வெயில் அடித்தால் நான் அந்தக் கதவைத்தான் பார்த்தேன். சில நாள் நிறம் வேறாகத் தெரியும், சில நாள் தெரியாது. வண்டியைப் பற்றி இருந்த சந்தோஷம் அந்தக் கதவு வழியாகப் போய்விட்டது.

இத்தனை பேருக்குக் கார் பார்த்துக் கொடுத்த அக்காவிடம் கார் கிடையாது. இதை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். அவர் கணவருக்கு ஓட்டத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்தவர். காரே இல்லாமல் அந்த லைசென்ஸை ஒவ்வொரு முறையும் தவறாமல் புதுப்பித்துக்கொண்டு வந்திருந்தார். வருடா வருடம் ஒரு கார் பார்ப்பார்களாம். ஒன்றில் விற்கிறவர் சரியில்லை, இன்னொன்றில் விலை ரொம்பக் குறைவு, அதனால் சந்தேகம். அவர் ஒவ்வொரு தடவையும் சரி என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் வேலைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் சாவியை வாங்கி, என் காரைக் கேட்டுக்கு வெளியே எடுத்து, பின்னால் ஓட்டி மறுபடி அதே இடத்தில் நிறுத்துவார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றால் பேட்டரி இறங்கிவிடும் என்று காரணம் சொல்வார். நான் தினமும் ஓட்டுகிற வண்டி அது.

ஓய்வு நெருங்கிய சமயத்தில் ஒருநாள் என் அலுவலக வாசலுக்கே வந்து நின்றார். பைபாஸ் கடைக்குத் தன்னை ஒருமுறை கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார். அக்காவிடம் சொல்லிவிட்டுப் போகலாமே என்றேன்.

"சொன்னா வாங்க முடியாதும்மா" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தபின் மறுக்க முடியவில்லை. போனோம். வெள்ளைக் கார் ஒன்றில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அட்டையில் இருந்த விலையைப் படித்தார். சரி என்றார். முன்பணம் கட்டிவிட்டு வெளியே வந்ததும், இவ்வளவுதானா என்று என்னைக் கேட்டார். பள்ளியில் பாதி நாள் விடுமுறை விட்ட முகம்.

கடையில் வண்டியைக் கொடுக்கிற அன்று காலையில்தான் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா சண்டை போடவில்லை. கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை கட்டிக்கொண்டு எங்களோடு வந்தார். கடையில் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சாவியைப் பெரிய அட்டைச் சாவியோடு கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அப்போது அந்த விற்பனையாளர் என்னைப் பார்த்து மகிழ்ச்சியாகச் சொன்னார்: மேடம், இவரைக் கூட்டி வந்ததற்கான பரிசு உங்களுக்கு வந்து சேர்ந்துவிடும்.

அப்படி ஒன்று உண்டென்று எனக்குத் தெரியாது. நான் திரும்பியபோது அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரியாஹாட்டில் புடவைக்காரரைப் பார்க்கிற அதே பார்வை. எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று அதைப் பார்த்திருக்கிறேன். எதிரில் நின்றது அன்றுதான்.

"உனக்கு எவ்வளவு அம்மிணி?"

எனக்குத் தெரியாது அக்கா, இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்றேன். சரி என்றார். ஆனால் அடுத்த வாரம் மாடிப்படியில் பார்த்தபோது, நான் என் காரை வாங்கியபோது யாராவது என்னைச் சிபாரிசு செய்தார்களா என்று விசாரித்தார். அதற்குப் பிறகு ஒருநாள் என் மகள் பள்ளியிலிருந்து வந்து, "அம்மா, ஜேட்டிமா கேட்டாங்க, நமக்குப் பார்சல் ஏதாவது வந்துச்சான்னு" என்றாள். அக்காவை அவள் பெரியம்மா என்ற பொருளில் வங்க மொழியில் ஜேட்டிமா என்றுதான் கூப்பிடுவாள். என் பதிலைக் குழந்தையின் பதிலோடு ஒத்துப் பார்த்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. மறுநாள் அந்தக் கம்பெனிக்குப் போன் செய்து பரிசு எதுவும் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

சில நாட்களில் அக்கா மேலே வந்தார். அவரும் அங்கே போன் செய்து கேட்டிருக்கிறார்.

"வேண்டாம்னு சொல்லிட்டயாமா. சும்மா வர்றதை ஏன் வேண்டாங்கறே?"

"நீங்க தப்பா நினைக்கக் கூடாதுன்னுதான் அக்கா."

"அப்போ நான் கேக்காம இருந்திருந்தா வாங்கியிருப்பே" என்றார்.

வாங்கியிருப்பேனா மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. அவர் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. முறைத்துக்கொள்ளவில்லை. குழம்பும் சுண்டலும் வந்து போயின. ஆனால் மேலே வந்தால் உட்காரமாட்டார். கணவர் தினமும் காலையில் ஏரிக்கரை வரை காரை ஓட்டிப்போய் வந்தார். தனியாகத்தான். அக்கா அந்தக் காரில் ஏறவில்லை. ஒரு கல்யாணத்துக்கு அவர் முன்னால் காரில் போக, அக்கா பின்னால் ஆட்டோவில் போனதை எங்கள் கட்டிடமே பார்த்தது.

அக்கா அதில் ஏறியது ஆடி மாத மழையில் ஒருநாள். தெருவெல்லாம் தண்ணீர். நான் அலுவலகத்தில் சிக்கிக்கொண்டேன். பள்ளியிலிருந்து போன் வந்தது: மகளுக்கு மூச்சிரைக்கிறது, மருந்து கேட்கவில்லை. காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவந்து நிறுத்திய என் கார் வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவைக் கூப்பிட்டேன். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் போனை வைத்துவிட்டார். மேட்டுத் தெருவில் நிறுத்தியிருந்த வெள்ளைக் காரில் இருவரும் பள்ளிக்குப் போய், மகளை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நான் நடந்தும் ரிக்‌ஷாவிலுமாக அங்கே போய்ச் சேர்ந்தபோது மகள் முகத்தில் ஆக்ஸிஜன் மூடியோடு அமைதியாகப் படுத்திருந்தாள். அக்கா அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, இந்த ஊசி எதற்கு, இதைவிட மலிவான ஊசி இருக்கிறதா, மலிவானதை ஏன் போடவில்லை என்று நர்ஸை விசாரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். "வண்டி நல்லாத்தான் போகுது" என்றார் அக்கா. பிறகு, "இடது பக்கம் கொஞ்சம் இழுக்குது" என்றார்.

ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போக முடிவு செய்தார்கள். காரை அவ்வளவு தூரம் ஓட்டிப்போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுச் சாமான் போய்விட்டது. கார் மட்டும் லாரியில் போகவேண்டும், ஆனால் லாரி வருவது அவர்கள் ரயில் ஏறிய பிறகுதான். காரை ஏற்றி அனுப்புகிற எல்லாக் கம்பெனிகளையும் அக்கா விசாரித்து எல்லாரையும் சந்தேகப்பட்டிருந்தார்: புது டயரைக் கழற்றிப் பழசை மாட்டுவார்கள், ஊர் சுற்றுவார்கள். கிளம்பும் நாள் காலையில் மேலே வந்து சாவியை என் கையில் வைத்தார்.

"நீயே ஓட்டிட்டுப் போய், நின்னு ஏத்தி அனுப்பு. உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

பிறகு என்னையும் கீழே கூட்டிப்போனார். காரைத் திறந்து, போனை எடுத்து, அது அதுவரை எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று காட்டும் எண்ணைப் படம் பிடித்தார். என் முன்னாலேயே, கூச்சமில்லாமல், வெளிச்சம் சரியில்லை என்று இரண்டாவது படமும் எடுத்தார். அவர் கணவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவர் என் மகளுக்கு முத்தம் கொடுத்துவிட்டு டாக்ஸியில் ஏறினார். டாக்ஸிக்காரரிடம் எந்த வழியாக ஹவுரா போகிறாய் என்று கேட்பது தெருமுனை வரை கேட்டது.

இரண்டு நாள் கழித்து ஹவுராவில் இருந்த லாரி யார்டுக்கு நானே காரை ஓட்டிப்போய், ஏற்றிக் கயிறு கட்டும்வரை நின்றுவிட்டு வந்தேன்.

வண்டி போய்ச் சேர்ந்த அன்று அக்கா கூப்பிட்டார். டயர் மாறவில்லை, கீறல் இல்லை என்றார். பிறகு, "கிலோமீட்டர்தான் இருபத்திரண்டு கூட இருக்கு அம்மிணி" என்றார்.

"நான் யார்டு வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன் இல்லையா அக்கா, அதுதான்."

"அதான பாத்தேன்" என்றார். மகளுக்கு இரைப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஊரில் தண்ணீர் ருசி மாறிவிட்டது, குழாய்க்காரர் ஏதோ கலக்கிறார் என்றார். வைத்துவிட்டார்.

நான் போனில் வரைபடத்தைத் திறந்து எங்கள் கேட்டிலிருந்து அந்த யார்டு வரை எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். எந்தப் பாலம் வழியாகப் போனாலும் பதினாறுக்கு மேல் வரவில்லை. மீதியை யார் ஓட்டினார்கள், எங்கே ஓட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. லாரி கம்பெனியைக் கூப்பிடலாமா, அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் தோன்றியது: என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே அவர் அந்த வரைபடத்தைப் பார்த்திருப்பார்.